சந்தோஷமென்றால் ஏன் அழுதாய்?

கேள்வி: தங்கை கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது அழுதுவிட்டேன், அதைப் பார்த்த என் ஐந்து வயது மகள் "சித்தப்பா கெட்டவரா?" என்று நான்கு நாளாகத் துளைக்கிறாள். ஆனந்தக் கண்ணீர் என்றால் இன்னும் குழம்புகிறாள். எப்படிச் சொல்வது?

பதில் 1: சித்திரை முதல் நாள் பச்சடியை ஞாபகப்படுத்துங்கள். மாங்காய் புளிப்பு, வெல்லம் இனிப்பு, வேப்பம்பூ கசப்பு, எல்லாம் ஒரே வாயில்தானே? என் பையனுக்குப் புரிந்தது, ஆனால் இப்போது பள்ளிக்கூடம் போகச் சொன்னாலே "இன்னிக்கு எனக்கு வேப்பம்பூ" என்கிறான்!

பதில் 2: இந்த வயதில் ஒரே நேரத்தில் இரண்டு உணர்ச்சி என்பது பல பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முதலில் சந்தோஷம், அப்புறம் சித்தி இனி நம் வீட்டில் தூங்க மாட்டாளே என்ற வருத்தம்.

கேட்டவர்: சரி, பச்சடி சொன்னேன். "சித்திக்கு வெல்லம் மட்டும் கொடுத்துவிடு" என்றாள். மறுபடி அழுதேன்.