புதுப்பிப்பு: குடும்பத்தின் கடைசித் தொடர்பு எண்ணை அழிக்காமல் தடுப்பது

முன்பு கேட்டது இதுதான்: மொரீஷியஸில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவுச் செயலி ரெயில்ஸில் (வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதியது. குடும்பத்துக்கு ஒரு தொடர்பு எண்ணாவது இருந்தே ஆக வேண்டும். கடைசி எண்ணை அழிக்க விடாமல் செய்வது எப்படி? சரி, இப்போது வேலை செய்கிறது.

ஃபாரின் கீ (தரவுத்தளத்தில் எண்ணைக் குடும்பத்தோடு இணைக்கும் விதி) போதாது. எண்கள் இருக்கும்போது குடும்பத்தை அழிக்க விடாமல் அது தடுக்கும்; ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியாது. அதனால் தொடர்பு எண்களுக்கான மாடலில் ஒரு பிஃபோர் டெஸ்ட்ராய் கால்பேக், அதாவது அழிக்கும் முன் தானாக ஓடும் நிரல். வேறு எண் இல்லையென்றால் பிழைச் செய்தி, உடனே அழிப்பை நிறுத்தும் 'த்ரோ அபார்ட்' (throw :abort). பழைய பதில்களில் உள்ளதுபோல் ஃபால்ஸ் திருப்பினால் ரெயில்ஸ் 5.1 முதல் எதுவும் நிற்காது. செய்தியைப் பிரெஞ்சில் வைத்தேன். பதிவு மேசையில் உட்காரும் இளசுகளுக்கு அதுதான் சட்டென்று புரியும்.

அப்புறம்தான் வம்பு. வெளிநாடு போய்விட்ட ஒரு குடும்பத்தையே நீக்கப் பார்த்தால், டிபென்டன்ட் டெஸ்ட்ராய் (குடும்பத்தோடு அதன் எண்களையும் நீக்கும் அமைப்பு) ஒவ்வொரு எண்ணாக அழித்துக்கொண்டே வந்து, கடைசி எண்ணில் முட்டியது. ட்ரான்ஸாக்‌ஷன் முழுதும் ரோல்பேக், அதாவது அதுவரை அழித்ததெல்லாம் திரும்பி வந்து, குடும்பம் அப்படியே இருந்தது. கால்பேக்கின் முதல் வரியில் 'டெஸ்ட்ராய்டு பை அசோசியேஷன்' (குடும்பத்தை நீக்குவதால்தான் எண்ணும் நீங்குகிறது என்ற அடையாளம்) இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வழிவிடச் சொன்னேன். தீர்ந்தது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எண்ணை அழித்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தரவுத்தளத்தில் அந்தக் குடும்பத்தின் பதிவை லாக் செய்து, அதாவது மற்றவர் காத்திருக்கும்படி பூட்டிய பிறகே மீதி எண்களை எண்ணுகிறேன். மொத்தமாக அழிக்கும் 'டெலீட் ஆல்' கால்பேக்கை ஓட்டவே ஓட்டாது என்பதால், ஸ்கிரிப்டுகளில் இருந்ததையெல்லாம் கால்பேக்கை ஓட்டும் 'டெஸ்ட்ராய் ஆல்' ஆக்கிவிட்டேன்.