பழைய சமையலறை கேபினட்: உடைப்பதா, கழற்றுவதா?

புதுவாசல்:
சமையலறையைப் புதுப்பிக்கிறோம். சுவரோடு இருக்கும் 20 வருடப் பழைய கேபினட் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கடப்பாரை போட்டால் அரை நாளில் முடியும் என்கிறார் வேலைக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது?

உளிச்சத்தம்:
தயவுசெய்து வேண்டாம். கடப்பாரை கேபினட்டோடு சுவர்ப் பூச்சையும் பெயர்த்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பெட்டிகள் வெளியே போக இரண்டு மணி நேரம், சுவரைப் பூசிக் காயவிட்டுச் சமன் செய்ய இரண்டு வாரம். பின்பலகைக்குப் பின்னால் ஓடிய ஒயர் வேறு நசுங்கிக் கிடந்தது. மெயினை அணைத்திருந்ததால் தப்பித்தோம்.

பெட்டியைச் சுவரில் பிடித்திருப்பது பெரும்பாலும் சில ஸ்க்ரூக்கள்தான். கதவையும் இழுப்பறையையும் முதலில் எடுங்கள், கனம் குறையும். பெட்டியும் சுவரும் சேரும் ஓரத்தில் பெயின்ட், சிலிகான் எது இருந்தாலும் கத்தியால் கீறிவிடுங்கள். அப்புறம் பக்கத்துப் பெட்டியோடு பிணைத்த ஸ்க்ரூ. மேல் கேபினட்டுக்கு அடியில் முட்டுக்கொடுக்காமல் கடைசி ஸ்க்ரூவைத் தொடாதீர்கள்.

நேர்கோடு:
துருப்பிடித்துத் தலை தேய்ந்த ஸ்க்ரூ ஒவ்வொன்றோடும் மல்லுக்கட்டுவதா? பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் அவ்வளவு பாடுபட்டும் பயனில்லை. கழற்றிய துளையில் ஸ்க்ரூ மறுபடி இறுகப் பிடிக்காது. தண்ணீரில் ஊறி உப்பிய பலகை பழையபடி ஆகவும் ஆகாது.

உளிச்சத்தம்:
பெட்டியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. நான் சுவருக்காகப் பேசுகிறேன். தேய்ந்த ஸ்க்ரூவை, இடுக்கில் இரும்பறுக்கும் பிளேடை விட்டு அறுத்துவிடலாம்.

புதுவாசல்:
என்ன பலகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நேர்கோடு:
ஒரு கீலைக் கழற்றித் துளைக்குள் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட், தூளாக உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு.

புதுவாசல்:
பார்த்துவிட்டேன். மேலே நான்கும் பிளைவுட், துளைகூட இறுக்கமாக இருக்கிறது. சிங்க்கின் கீழே இருப்பது மட்டும் விரல் வைத்தாலே அமுங்குகிறது. மேல் பெட்டிகளை அப்படியே விட்டு, கதவு மட்டும் புதிதாகப் போடலாமா?

உளிச்சத்தம்:
தாராளமாக.

நேர்கோடு:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. பழைய பெட்டியை வைத்துக்கொண்டால் அதன் உயரத்துக்கும் ஆழத்துக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டும். சரி, உங்கள் முடிவு. ஆனால் கீழ்ப் பெட்டியை எடுக்குமுன் அடியில் தரை ஓடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சில வீடுகளில் பெட்டி வரைக்கும்தான் ஓடு பதித்திருப்பார்கள்.