கலைச்சொல் உதவி: க்யூபிக்கு (குவாட்டர்பேக்) தமிழில் என்ன? (ஞாயிறுக்குள் வேண்டும்)

அட்லாண்டாவிலிருந்து, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த ஞாயிறு வகுப்புக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும், முடிந்தால் இரண்டு. எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஏழாம் நிலைப் பிள்ளைகளிடம் "இந்த வாரம் என்னைப் பாதித்த செய்தி" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பாட்டி ஊருக்குப் போனது, பூனை காணாமல் போனது என்று ஏதாவது வரும் என்று பார்த்தால், 14 பேரில் 9 பேர் ஃபால்கன்ஸ் அணியைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்த 2024 மார்ச்சில் கர்க் கசின்ஸ் என்ற குவாட்டர்பேக்கை, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரை, 4 வருடத்துக்கு 180 மில்லியன் டாலர் வரை பேசிக் கூட்டிவந்தார்கள். ஊரே கொண்டாடியது. ஆறு வாரம் கழித்துப் போன வியாழக்கிழமை, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைபோட்டு எடுக்கும் டிராஃப்டில், 8ஆவது இடத்தில், மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கையே எடுத்துவிட்டார்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அந்த வேலை. ஒரு பையன் கசின்ஸின் 18ஆம் எண் சட்டையை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லையாம்.

'குவாட்டர்பேக்' என்று ஒலிபெயர்த்துப் பலகையில் எழுதினேன். பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாக்கள் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நம் ஊரில் குவாட்டர் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆட்டக்காரருக்கு ஒரு சொல், ஆட்டம் நடக்காத மாதங்களான ஆஃப்சீசனுக்கு ஒரு சொல். அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து

அம்மா, பெயர் பிறந்த கதையைப் பார்த்தால் சிக்கலே இல்லை. ரக்பியிலிருந்து கிளைத்த ஆட்டம் அது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களை எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்துப் பின்னமாகப் பெயரிட்டார்கள்: கால், அரை, முழு. 1880இல் வால்டர் கேம்ப் முயற்சியால் விதி மாறியபோது, நடுவில் நிற்பவர் பின்னே தள்ளும் பந்தை முதலில் வாங்குபவர் இந்தக் கால் பங்குக்காரர். ஆகவே காற்பின்னர், அரைப்பின்னர், முழுப்பின்னர். மூன்று சொல்லும் ஒரே அச்சில் வந்து விழுகின்றன. லகரத்தின் முன் வல்லினம் வந்தால் வேற்றுமையில் றகரமாகும் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. 'கால்பின்னர்' என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மினியாபோலிஸிலிருந்து

ஐயா, உங்கள் சொல் தற்செயலாக ரொம்பப் பொருத்தம். போன அக்டோபரில் கசின்ஸுக்கு அறுந்ததே காலின் பின்புறத்துக் குதிநாண்தான். ஆரன் ராட்ஜர்ஸ் என்ற க்யூபிக்கும் அப்படியே. 2023 ஏப்ரலில் நியூயார்க்கின் ஜெட்ஸ் அணி அவரைக் கூட்டிவந்து, நியூயார்க் முழுக்க அந்தக் கோடையில் கனவு கண்டு, செப்டம்பரில் நாலே நாலு ஆட்டத்துண்டுகளில் அறுந்துபோனது. காற்பின்னர் என்று கேட்டால் பிள்ளைகள் கெண்டைக்காலைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். அதுபோக 'பின்னர்' என்றால் பிறகு என்றும் பொருள் இருக்கிறது. "கசின்ஸ் பின்னர் பெனிக்ஸ் காற்பின்னர்" என்று ஒரு வாக்கியம் வந்தால் நான் எங்கே மூச்சு விடுவது?

இன்னொன்று. கசின்ஸ் ஆறு சீசன் எங்கள் வைக்கிங்ஸ் அணியின் ஆள். மார்ச்சில் அவர் போனபோது இந்த ஊரில் பாதிப் பேர் அழுதார்கள், மீதிப் பேர் 'விட்டது சனி' என்றார்கள். அப்போது ஒருவரும் இந்தக் குழுவில் சொல் கேட்கவில்லை.

என் பரிந்துரை: ஏவுநர். பந்தை ஏவுகிறார், மற்ற 10 பேரையும் ஏவுகிறார். ஒரு வினைச்சொல்லில் இரண்டு வேலையும் முடிந்தது.

டொராண்டோவிலிருந்து

தம்பி, ஏவல் எண்டால் எங்கட பக்கம் பில்லி சூனியம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏவலாள் எண்டால் சொன்னதைச் செய்யும் வேலைக்காரன். கட்டளை இடுபவரா கேட்பவரா என்று தெரியாத சொல் எதற்கு? நான் 'சாரதி' என்பேன். இலங்கையில் பஸ் ஓட்டுபவர் வரைக்கும் எல்லோருக்கும் விளங்கும் சொல். ஆளை மாற்றினால் சனம் ஏன் கொதிக்கிறது என்பதும் அதிலேயே விளங்கும், ஓடுகிற பஸ்ஸில் ஆளை மாற்றினால் யார்தான் கத்தமாட்டார்கள்?

ஒரு திருத்தம்: இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய ஆட்டம் இல்லை. கனடாவிலும் உண்டு, பக்கத்துக்கு 12 பேர். ஆக, மற்ற 10 பேர் இல்லை, எங்களுக்கு 11. அதோடு நாங்கள் உதைபந்து எண்டு சொல்வது சாக்கரைத்தான். இந்த ஆட்டத்தில் உதைப்பதே அபூர்வமாக இருக்க, இதையும் கால்பந்து எண்டு எப்படிச் சொல்கிறீர்கள்?

சிங்கப்பூரிலிருந்து

காற்பந்து. கால்பந்து அல்ல. நாங்கள் செய்தியிலும் அப்படித்தான் எழுதுகிறோம். மற்றதில் எனக்குக் கருத்தில்லை.

மதுரையிலிருந்து

சாரதி வடசொல். ஓட்டுநர் இருக்கிறார், வலவன் இருக்கிறார், சங்கப் பாட்டில் தேரை ஓட்டியவன் வலவன். கடலுக்குப் போனால் மீகாமன். இவ்வளவு இருக்கக் கடன் வாங்குவானேன்?

மினியாபோலிஸ் தம்பி கவனிக்க: 'கால்' என்ற பின்னத்துக்குப் பழைய குறி 'வ' என்ற எழுத்து. எட்டுக்கு 'அ'. எட்டாவது இடத்தில் ஒரு காற்பின்னரைத் தேர்ந்தார்கள் என்றால் அது எட்டேகால். எட்டேகால் லட்சணத்தின் பொருள் உமக்குத் தெரியும். அந்தத் தேர்வுக்கு அட்லாண்டா மக்கள் வைக்கவேண்டிய பெயர் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆஃப்சீசனுக்கு வருகிறேன். ஆட்டம் பிப்ரவரியில் முடிந்து செப்டம்பரில் தொடங்குகிறதாமே. மாசி பங்குனி பின்பனி, சித்திரை வைகாசி இளவேனில், ஆனி ஆடி முதுவேனில். மூன்றும் பாலைக்கு உரிய பெரும்பொழுது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. தலைவன் பொருள் தேடிப் பிரிகிறான், 180 மில்லியன் பொருள்! ஆவணியில் கார் தொடங்கியதும் முல்லை, காத்திருத்தல், தேர் திரும்பும் ஓசை. ஆகவே ஆஃப்சீசன் என்பது பாலைப்பொழுது. இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

மினியாபோலிஸிலிருந்து

ஐயா, எட்டேகாலை என் அட்லாண்டா நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். இருவர் பதில் போடவில்லை. ஆனால் பாலை எங்களுக்குத்தான், எங்களை விட்டுத்தான் அவர் பிரிந்தார். அட்லாண்டாவில் யார் பிரிந்தார்கள்? கசின்ஸ் வீட்டில் இருக்கும்போதே இன்னொருவரை உள்ளே கொண்டுவந்தார்கள். டிராஃப்டில் ஃபால்கன்ஸ் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தகவலே வந்தது என்று அவருடைய முகவர் சொல்லியிருக்கிறார். இது மருதம், ஊடல். டாம் பிரேடி என்ற இன்னொரு க்யூபி 2022இல் ஓய்வு என்று சொல்லிவிட்டு 40 நாளில் திரும்பினாரே, அதை எந்தத் திணையில் வைப்பீர்கள்? சபரிமலைக்கு மாலை போட்டவர்கூட 41 நாள் இருப்பார்.

மதுரையிலிருந்து

மருதம் என்றால் பெனிக்ஸ் பரத்தை ஆகிறார். யோசித்துப் பேசவும்.

அட்லாண்டாவிலிருந்து, வெள்ளி

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. பரத்தை யார் என்று ஏழாம் நிலையில் என்னால் விளக்க முடியாது, பெற்றோர் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஃப்சீசனுக்கு 'ஆட்ட விடுமுறை' என்று வைக்கலாமா? ஒரு சிக்கல், எல்லா ரகளையும் நடப்பதே அந்த விடுமுறையில்தான். இந்த வருடம் டிராஃப்டில் முதல் 12 பேரில் 6 பேர் க்யூபிகள், மினியாபோலிஸ் அண்ணாவின் அணி 10ஆவதாக எடுத்தவர் உட்பட. அதைச் சொல்லாமல் எங்களை மட்டும் கேலி செய்கிறார்.

சாரதி, ஏவுநர், காற்பின்னர், இல்லை க்யூபி என்றே விட்டுவிடலாமா? இன்று இரவுக்குள் ஒரு வரியில் சொல்லுங்கள், சொற்பிறப்பு வேண்டாம்.

டொராண்டோவிலிருந்து

சாரதி. பிள்ளைகள் கேட்டால் ஓட்டுநர். ஏவுநர் வேண்டவே வேண்டாம், ஆனால் எல்லாரும் சொன்னால் சண்டை பிடிக்கமாட்டன்.

சிங்கப்பூரிலிருந்து

ஏவுநர். காற்பந்தில் றகரம் போடுங்கள்.

மினியாபோலிஸிலிருந்து

ஏவுநர்தான். வேறு என்ன சொல்வேன்? 10ஆவது ஆளைப் பற்றிக் கேட்டதற்கு: எங்கள் ஆள் போன பிறகு எடுத்தோம், இருக்கும்போது இல்லை.

அட்லாண்டாவிலிருந்து, ஞாயிறு இரவு

தாளில் 'ஏவுநர்' என்று அச்சிட்டேன், பக்கத்தில் க்யூபி. ஆஃப்சீசனுக்கு 'ஆட்டமில்லாக் காலம்'. பாதிப் பேர் ஏவுநர் எழுதினார்கள், பாதிப் பேர் க்யூபி. ஒரு பெண் 'எரிபவர்' என்று எழுதிவிட்டு, யார் மேல் எரிகிறார் என்று நான் கேட்டதும் அவளே சிரித்தாள். சட்டைக்காரப் பையன் எழுதியது இது, எழுத்துப்பிழை மட்டும் திருத்தியிருக்கிறேன்: "எங்கள் வீட்டில் ஒரு வருடமாக ஏவுநர் சரியில்லை. இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். அப்பா சட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் போடவும் இல்லை."

பாலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் "டீச்சர், செப்டம்பர் எப்ப வரும்?" என்று கேட்டார்கள். நன்றி எல்லோருக்கும்.

மதுரையிலிருந்து

அம்மா, பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன். அரைப்பின்னருக்கும் முழுப்பின்னருக்கும் சொல் தேவைப்படும் நாளில் ஏவுநர் என்ன செய்வார் என்று அப்போது பேசிக்கொள்வோம். அந்தப் பையன் 'ஆட்டமில்லாக் காலம்' என்பதில் ஒற்று மிகுந்து எழுதினானா?