வங்கியும் வரித்துறையும் கேட்கும் விவரங்களையெல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வாடிக்கையாளர்:
விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கி படிவம் அனுப்பியிருக்கிறது. முகவரி, பிறந்த தேதி, பணம் வரும் வழி, வரி செலுத்தும் நாடு, வரி அடையாள எண் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் குடும்பத்தாரின் தொழிலையும் பொழுதுபோக்கையும் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருப்பவரிடம் இவ்வளவும் கேட்பது வேவு பார்ப்பதாகவே எனக்குப் படுகிறது. வேண்டாதவற்றை நிரப்பாமல் அனுப்பிவிடலாமா?

வரிக்கணக்கர்:
வரி தொடர்பான பகுதியை மட்டும் வெறுமனே விட்டுவிடாதீர்கள். பணமோசடியைத் தடுக்க 1989-இல் அமைக்கப்பட்ட எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பின் பரிந்துரைகளை ஒட்டியே, வாடிக்கையாளர் யார் என்பதை வங்கிகள் உறுதிசெய்கின்றன. பழைய கணக்குகளுக்கும் இது பொருந்தும். நாடுகள் தங்களுக்குள் கணக்கு விவரங்களைப் பரிமாறிக்கொள்வதற்கான பொது அறிக்கை நெறிமுறையை, பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2014-இல் ஏற்றது. நீங்கள் எந்த நாட்டின் வரிக் குடியிருப்பாளர் என்ற கேள்வி அதிலிருந்து வருவது. குடியுரிமை வேறு, வரிக் குடியிருப்பு வேறு; எந்த நாட்டின் வரிச் சட்டம் உங்களைத் தன் குடியிருப்பாளராகக் கருதுகிறது என்பதே வரிக் குடியிருப்பு. அடையாள எண் இல்லாவிட்டால், அந்த நாடு எண் வழங்குவதில்லை என்பது போன்ற காரணங்களில் பொருந்துவதைக் குறிக்க அதே படிவத்தில் கட்டங்கள் இருக்கும்.

தனியுரிமை ஆர்வலர்:
அடையாளத்தையும் வரிக் குடியிருப்பையும் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கட்டாயத்தின் நிழலில் பொழுதுபோக்கையும் சேர்த்துக் கேட்பதைத்தான் எதிர்க்கிறேன். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 5ஆம் பிரிவு, நோக்கத்துக்குத் தேவையான தரவை மட்டுமே திரட்டலாம் என்கிறது. சட்டம் எதுவாயினும், எந்த விதியின்படி கேட்கிறீர்கள், மறுத்தால் என்ன ஆகும், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று எழுத்தில் கேட்பது நம் உரிமை.

வரிக்கணக்கர்:
கேளுங்கள், ஆனால் பதில் வரும்வரை படிவத்தை நிறுத்திவைத்தால் கணக்கு முடங்கும் அபாயம் உங்களுக்குத்தான். கிளையில் அமர்ந்திருப்பவர் படிவத்தை வடிவமைத்தவர் அல்லர். அவரால் எதையும் நீக்கவும் முடியாது.

தனியுரிமை ஆர்வலர்:
நிறுத்திவைக்கச் சொல்லவில்லையே. கட்டாயப் பகுதியை முழுமையாக நிரப்பி, மற்றவற்றில் “தர விரும்பவில்லை” என்று எழுதிக் கொடுங்கள். பொய்யான பதில் மட்டும் வேண்டாம். கையெழுத்துக்கு மேலேயே விவரங்கள் உண்மை என்ற உறுதிமொழி இருக்கிறது, வரிப் படிவத்தில் பொய் சொன்னால் தண்டனைக்கும் இடமுண்டு. பங்காளி நிறுவனங்களோடு தகவலைப் பகிரச் சம்மதம் கேட்கும் கட்டம் பெரும்பாலும் அந்த உறுதிமொழியை ஒட்டிச் சிறிய எழுத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

வாடிக்கையாளர்:
அந்தக் கட்டம் என் படிவத்தில் முன்கூட்டியே தேர்வுசெய்யப்பட்டிருக்கிறது.

வரிக்கணக்கர்:
அப்படியென்றால் இந்த இடத்தில் நண்பர் சொல்வதே சரி. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையொப்பமிடுங்கள்; நிரப்பிய படிவத்தின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டு நிரப்பாமல், வங்கியின் தளத்துக்கு நீங்களே சென்றோ கிளையில் நேரிலோ கொடுங்கள்.