யாரையும் நம்பாத ரோக், கூட வருகிறவர்களோடு எப்படி ஒட்டுவாள்?

பாளைப்பகடை:

வணக்கம் மக்களே. பாளையங்கோட்டையில் ஞாயிறு மதியம் கூடி டி அண்டு டி (ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’) ஐந்தாம் பதிப்பு ஆடுகிறோம், 2014 புத்தகம். ஸ்பெல் (மந்திரம்) பெயர்களைத் தவிர பேச்செல்லாம் தமிழ்தான். டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன், என் சித்தி மகன். அவன் அமைத்திருக்கும் ஊர் பழைய கொற்கை. நிஜக் கொற்கை இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. அவன் ஊரில் கடல் இன்னும் வாசலில் நிற்கிறது, பாண்டியன் கப்பலில் முத்து ஏறுகிறது. பொருநையைப் பிடித்து மேற்கே போனால் பொதிகை. கோப்ளின், பூதம் எல்லாம் அங்கே.

என் பாத்திரம் முத்தழகி. எல்ஃப் (நெடுநாள் வாழும் இனம்), ரோக் (பதுங்கித் தாக்கும் திருட்டு ஆள்), ஐந்தாம் லெவல், வயது 140. முத்துக் குளித்தவள், சம்மாட்டி கூலியில் ஏமாற்றியதால் திருட்டுக்கு வந்தவள். யாரையும் நம்ப மாட்டாள். கூட வருவது மூன்று பேர்.

பாலடின், அதாவது புனித வீரன், 19 வயசுப் பையன். ஆடுகிறவர் எங்கள் தெரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சிக்கலே இங்கேதான். முத்தழகி அவனை விட 121 வயசு மூத்தவள், ஆனால் வாயைத் திறந்தால் எனக்கு "சார், நீங்க இடது பக்கமாப் போங்க" என்றுதான் வருகிறது. எதிரே கோப்ளின் நிற்கிறது!

கிளெரிக்கை (குணப்படுத்தும் பூசாரி) ஆடுவது என் காலேஜ் தோழி. மலையில் ஒரு பாலத்தடியில் நான் விழுந்து, டெத் சேவிங் த்ரோ (சாகாமல் தப்ப உருட்டும் பகடை) இரண்டு தோற்று, அடுத்ததை உருட்டும் முன் அவள் தூரத்தில் நின்றபடியே ஹீலிங் வேர்டு மந்திரம் போட்டு எழுப்பிவிட்டாள். முத்தழகி பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள், அவள் அப்படி. ஆனால் தோழியின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

மூன்றாவது ஆள் விசார்ட், மந்திரவாதி. அவனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

பாத்திரத்தின் குணம் கெடாமல் இவர்களோடு ஒரு உறவு வர என்ன வழி? "நான் மனம் மாறிவிட்டேன்" என்று எழுந்து நின்று வசனம் பேசச் சொன்னால் எனக்கு வேண்டாம்.

தென்காசி டிஎம்:

தங்கச்சி, முத்தழகி தனியாள் என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள், ரோக் விதி அப்படிச் சொல்லவில்லை. ஸ்னீக் அட்டாக், அதாவது ரோக்கின் கூடுதல் அடி, எப்போது விழும்? உங்களுக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்த எதிரிக்கு 5 அடிக்குள் அவனோடு மல்லுக்கட்ட இன்னொரு ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் யார்? பெரும்பாலும் உங்கள் சார்தான். உங்களுக்கு 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை) கூடுதலாக விழுவது அந்தப் பையன் கேடயத்தோடு முன்னால் போய் அடி வாங்குவதால். 140 வயசுக்காரிக்கு இது தெரியாமலா இருக்கும்?

அடுத்த லெவலில் அவனுக்கு ஆரா ஆஃப் புரொடெக்‌ஷன் வருகிறது. அவன் நினைவோடு இருக்கும் வரை, 10 அடிக்குள் நிற்கிறவர்களின் சேவிங் த்ரோவில் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) அவனுடைய கரிஸ்மா (ஆளுமை) போனஸ் ஏறும். அப்போது அவள் தள்ளி நிற்பாளா, பக்கத்தில் வருவாளா? முணுமுணுத்துக்கொண்டே வரட்டும். "அங்க வெயில் அடிக்கு" என்று ஏதாவது சாக்கு சொல்லட்டும். அவன் மயங்கி விழாமல் பார்த்துக்கொள்வதும் இனி அவள் கவலை.

அம்பை அக்கா:

கிளெரிக் விஷயம் சொல்கிறேன். நம்ம பக்கம் யார் வாய்விட்டு நன்றி சொல்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் வீட்டுக்கு அடுத்த வாரம் ஒரு வாழைத்தார் போகும், அவ்வளவுதான். முத்தழகியும் அப்படி ஏதாவது செய்யட்டும். எல்ஃபுக்குத் தூக்கத்துக்குப் பதில் நாலு மணி நேர டிரான்ஸ் (தியானம்) போதுமே. ராத்திரி கிளெரிக்கின் காவல் முறை வரும்போது அவளை எழுப்பாதீர்கள். அந்த நேரமும் நீங்களே உட்காருங்கள். டிஎம்மிடம் மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். காலையில் "என்னை ஏன் எழுப்பல?" என்று அவளே கேட்பாள். பதில் சொல்லாதீர்கள்.

சார் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னது எனக்குப் பாதிதான் சம்மதம். விதியெல்லாம் சரி, பேசுகிற விதமும் மாற வேண்டாமா? "நீங்க" தானாக வருகிறதா, வரட்டும். அதையே நக்கலாக்குங்கள். "வாங்க வீரரே, முதல்ல நீங்க சாவுங்க", ரொம்ப மரியாதையாக. பிறகு என்றைக்காவது அவன் நிஜமாகவே மாட்டிக்கொள்ளும்போது "ஏல, குனில!" என்று கத்துங்கள். மேஜையே நிமிர்ந்து பார்க்கும். சாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அதே தெருவில் குடியிருக்க வேண்டுமல்லவா.

மேலப்பாளையம் மாயாவி:

பாத்திரச் சீட்டில் பாண்ட் (பிணைப்பு) கட்டத்தில் என்ன எழுதியிருக்கீங்க? தொலைந்த முத்து, செத்துப்போன அப்பா, அந்த மாதிரியா? அழித்துவிட்டு மேஜையில் இருக்கிற ஒரு ஆள் பெயரை எழுதுங்க. இன்னொன்று, பார்ட்டி பணத்தில் கை வைக்காதீங்க. "என் பாத்திரம் அப்படித்தான்" என்று சொல்லி எங்கள் குழுவில் ஒருத்தன் வைத்தான். இப்போது குழு இல்லை.

பாளைப்பகடை:

தொலைந்த முத்துதான் எழுதியிருந்தது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க! இப்போது கிளெரிக் பெயர் ஏறிவிட்டது. அக்கா, காவல் யோசனை பிரமாதம், சித்தி மகனுக்குச் சீட்டு போய்விட்டது.

சாரிடமும் கேட்டேன். "ஆட்டத்துக்குள்ள தாராளமா ஏலன்னு கூப்பிடு, பால் வாங்குற இடத்துல வாயில வந்துரப்படாது" என்றார். அவருக்குக் கூச்சமே இல்லை, எனக்குத்தான்.

விசார்ட் கதை இதுதான். ஐந்தாம் லெவல் வந்த அன்றைக்கே ஃபயர்பால் (நெருப்புக் குண்டு) போட்டான். 20 அடி ரேடியஸ், 8டி6. வட்டத்துக்குள் நான் நிற்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். "நீதான் டெக்ஸ் (சுறுசுறுப்பு) நிறைய வெச்சிருக்கியே, தப்பிச்சிருவ" என்றான். தப்பித்தாலும் பாதி அடி உண்டு, ரோக்குக்கு அந்தப் பாதியும் விழாமல் தப்பும் எவேஷன் ஏழாம் லெவலில்தான் வருகிறது. அதுவரை முத்தழகி அவனோடு பேசுவதாக இல்லை. இதற்கு மட்டும் யாரும் வழி சொல்ல வேண்டாம், இந்த உறவு இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது.