அணை நீருக்கு முதல் மருந்து குளோரினா, பெர்மாங்கனேட்டா?

காவேரிப்பட்டணத்தான்:
கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணை நீரைக் குடிநீராக்கும் பேச்சு வந்தாலே, "எடுத்ததும் குளோரினைப் போடு" என்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பாசியும் சாக்கடைக் கழிவும் கலந்த நீரில் குளோரின் சேர்ந்தால் டிரைஹாலோமீத்தேன் என்ற, புற்றுநோய் ஐயமுள்ள வேதிப்பொருள் உருவாகும். நெதர்லாந்து வேதியியலாளர் ரூக் 1974-லேயே இதை வெளியிட்டுவிட்டார். பாசிச் செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் நஞ்சும் நீரில் கரையும். கரைந்ததை மணல் வடிகட்டி பிடிக்காது. முதலில் அளவான பெர்மாங்கனேட் (நீரை ஊதாவாக்கும் ஆக்சிஜனேற்றி), பிறகு படிகாரம், வடிகட்டல், கடைசியில்தான் குளோரின்.

நீரேற்று நிலையப் பணியாளர், தருமபுரி:
தம்பி, முன்குளோரின், அதாவது தொடக்கத்திலேயே போடும் குளோரின், இல்லாவிட்டால் கசடு படியும் தெளிவு தொட்டிச் சுவரெல்லாம் பாசி பிடிக்கும். குளோரின் இருக்கிறதா என்பதைக் குளோரோஸ்கோப் என்ற எளிய நிறச்சோதனைக் கருவியில் எவரும் பார்த்துவிடலாம். பெர்மாங்கனேட் சற்றுக் கூடினாலும் குழாயில் இளஞ்சிவப்பு நீர் வரும். மறுநாளே ஊர் சாலையில் உட்காரும். மேலும், அணைக்கு நீர் தரும் தென்பெண்ணையில் வரும் கழிவுநீரின் அம்மோனியாவை அது தொடுவதே இல்லை.

ஓசூர் ஆசிரியை:
ஓசோன் போடலாமே?

காவேரிப்பட்டணத்தான்:
ஓசோன் வலிமையானது, ஆனால் மின்சாரம் தின்னும். நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற கேடான பொருள் உருவாகும். குளோரின் டை ஆக்சைடு குளோரைட் என்ற கேடான எச்சத்தை விட்டுச்செல்லும். அண்ணா, அம்மோனியாவைக் குளோரினால் தீர்க்க, எடையில் அதைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு குளோரின் வேண்டும். கரிமப் பொருள் நீங்காத நீரில் அவ்வளவு கொட்டினால் என்ன ஆகும்? வடிகட்டிய பிறகு கொட்டுங்கள். கோடையில் அணையின் அடிநீரில் கரைந்திருக்கும் மாங்கனீசையும் பாருங்கள். நடுநிலை நீரில் குளோரின் அதை வடிகட்டக்கூடிய திடப்பொருளாக மெல்லத்தான் மாற்றும். பெர்மாங்கனேட்டோ 1 மில்லிகிராம் மாங்கனீசுக்கு 1.92 மில்லிகிராம் போட்டால் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

நீரேற்று நிலையப் பணியாளர், தருமபுரி:
மாங்கனீசு விஷயத்தில் நீ சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். வேலூரிலோ சென்னையிலோ அல்ல, இரவில் ஒரே ஆள் இருக்கும் நிலையத்தில் அந்த அளவை யார் மாற்றிக்கொண்டிருப்பது?

காவேரிப்பட்டணத்தான்:
ஆற்று நீர்தான் மணிக்கு மணி மாறும், அண்ணா. வெள்ளம் வராத நாளில் அணை நீர் மெதுவாகத்தான் மாறும். காலையில் ஜாடிச் சோதனை (சில ஜாடி நீரில் வெவ்வேறு அளவு மருந்திட்டுப் பார்ப்பது) செய்து, நிறம் மறையும் அளவை எழுதிவைத்தால் இரவுப் பணியாளருக்கு அது போதும். வெள்ள நாட்களுக்கு மட்டும் இரண்டாவது ஆள் கேளுங்கள். அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்திடுகிறேன்.