வெளியடுப்புக்கு மழை ஒழுகாத கூரை எது? அவசரம்

அகரமலை (புதன், இரவு 8:50)
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் வெளியில் அடுப்பு வைத்துச் சமைக்கிறோம். கூரை ஒழுகுகிறது, நேரே சட்டிக்குள் சொட்டுகிறது. நேற்று எண்ணெய்க்குள் விழுந்து சீறி அம்மாவின் கையில் பட்டுவிட்டது. தகரத்தைக் கழற்றிவிட்டு வேறு ஏதாவது போட வேண்டும். மடக்கு டென்ட் நல்லதா, போலிகாபனேட் நல்லதா? சனிக்கிழமை ஹட்டனுக்குப் போகிறேன். 25,000க்குள் முடிய வேண்டும்.

ஊவாக்காற்று (புதன், இரவு 9:05)
எந்த ஊர் தம்பி? பதுளை, பசறைப் பக்கம் என்றால் மார்கழி தையில் மழை. ஹட்டன், மஸ்கெலியா என்றால் மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. காற்று வரும் திசையே வேறு. எந்தப் பக்கம் மறைப்பது என்று ஊர் தெரியாமல் எப்படிச் சொல்வது?

சின்னக்கான் (புதன், இரவு 9:11)
விறகா காஸா? இடம் எத்தனை அடி? கூரைத் தண்ணீர் விழுந்து எங்கே போகிறது? படம் இருந்தால் போடுங்கள்.

ரம்பொடைக்காரன் (புதன், இரவு 9:30)
மடக்கு டென்ட்தான். 10க்கு 10 அடியில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குக் கீழ்தான் கோழி சுடுகிறோம். இரண்டு பேர் ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம். தகரம் மாதிரி மழைக்குச் சத்தம் போடாது.

வெல்டிங்பாஸ் (புதன், இரவு 9:48)
ரம்பொடை அண்ணன், அது வெயிலுக்குச் செய்த சாமான். 10க்கு 10 துணியில் 1 மி.மீ. மழை விழுந்தாலே 9 லீட்டருக்கு மேல் வரும். 50 மி.மீ. என்றால் 450 லீட்டரைத் தாண்டும். துணி நடுவில் தொய்ந்து அதில் கால்வாசி தேங்கினாலும் அந்தக் குச்சிக் கால்கள் மடங்கும். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் அப்படி மடங்கிய டென்டை என்னிடம்தான் ஒட்டக் கொண்டுவந்தார்கள். ஒட்ட முடியவில்லை. கீழே விறகடுப்பு வேறு எரிந்தால் பொறி பட்ட இடமெல்லாம் ஓட்டை.
என்னிடம் கேட்டால் நாலு பொக்ஸ் பார் தூண், மேலே புது சிங்க் அலுமினியம் சீட். 10 அடிக்கு 2 அடியாவது சரிவு. ஸ்குரூ அடிப்பது சீட்டின் மேட்டில், பள்ளத்தில் இல்லை. ரப்பர் வொஷர் கட்டாயம்.

மூத்தமேசன் (வியாழன், காலை 5:55)
இதே கேள்விக்கு நான் எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. தகரம் ஒழுகுகிறது என்றால் ஆணி ஓட்டை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அடுப்படிக்கு அஸ்பெஸ்டஸ் சீட்டைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். சத்தம் இல்லை, துரு இல்லை, சூடு இறங்காது. 35 வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

அகரமலை (வியாழன், மதியம் 12:40)
மன்னிக்கவும், வேலையில் நின்றேன். அக்கரப்பத்தனை. தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் கடைசிக் காம்பிரா, அதனால் பக்கத்தில் 8க்கு 10 இடம் இருக்கிறது. விறகடுப்பு. அம்மா கடலை அவித்து, வடை போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். காம்பிராவுக்குள் எரித்தால் புகை, தங்கச்சிக்கு இழுப்பு வரும். அதனால்தான் வெளியே. போன் கெமரா உடைந்துவிட்டது, படம் போட வழியில்லை.

ஊவாக்காற்று (வியாழன், மதியம் 12:58)
லயம் என்றால் கொங்கிறீட் போட்டுத் தூண் நடுவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பக்கம் ஒருவர் குளியலறை கட்டி, பாதியில் இடிக்கச் சொல்லி நின்றார்கள். தனி வீடும் 7 பேர்ச் காணியும் கிடைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு.

காமன்கூத்து (வியாழன், மதியம் 1:20)
மூத்தமேசன் ஐயா, அடுப்புக்கு மேல் அஸ்பெஸ்டஸா? நெருப்புச் சூடு நேரே பட்டால் அந்த சீட் வெடித்துத் தெறிக்கும். தூளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெட்டும்போதும் துளை போடும்போதும் பறப்பது நுரையீரலுக்குள் போய் உட்காரும். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டது.

மூத்தமேசன் (வியாழன், மதியம் 1:34)
அப்படியானால் இந்த நாட்டில் பாதிப் பேர் செத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கூரை என்ன என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

காமன்கூத்து (வியாழன், மதியம் 1:41)
அஸ்பெஸ்டஸ்தான். மாற்றக் காசில்லை. அதற்காக நல்லது என்று அடுத்தவனுக்குச் சொல்வேனா? அதைத் தடை செய்யத்தான் இருந்தார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கிடந்தது என்று ரஷ்யா நம் இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இங்கே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டதும் அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு வழி திறந்தது. சீட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கொழுந்து பறிக்கிறவள் தலைக்கு மேலேயும் அதே சீட்.

மூத்தமேசன் (வியாழன், மதியம் 1:50)
வண்டுக்கும் கூரைக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். வண்டு வந்தது உண்மை.

ரம்பொடைக்காரன் (வியாழன், மதியம் 2:15)
ரஷ்யா வாங்காவிட்டால் தோட்டத்தில் வேலை எத்தனை நாள் ஓடும்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூரையா சோறா என்று வந்தால் எந்த அரசாங்கமும் சோற்றைத்தான் பார்க்கும்.

காமன்கூத்து (வியாழன், மதியம் 2:22)
சோறு யாருக்கு? நாள் சம்பளத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்று மறந்துவிட்டதா?

சின்னக்கான் (வியாழன், மதியம் 2:40)
சம்பளப் பேச்சை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். இந்தப் பிள்ளை ஹட்டனுக்குப் போவதற்கு முன் பதில் வேண்டும். அகரமலை, தண்ணீர் ஓடும் கான் எங்கே இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. பின்னால் மண் திட்டு இருக்கிறதா? இடம் பற்றவில்லை என்று திட்டை வெட்டி உள்ளே போய்விடாதீர்கள். கூரைத் தண்ணீரைத் திட்டின் மேலேயோ அடியிலேயோ விடவும் கூடாது. பீலி கட்டி, பைப்பில் இறக்கி, கானில் சேர்க்க வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கியதைப் பார்த்தவன் நான். சின்னக் கூரைத் தண்ணீர் என்ன செய்யும் என்று நினைக்காதீர்கள், மண் ஏற்கெனவே குடித்து நிற்கும்.

பனிக்கொழுந்து (வியாழன், மாலை 6:30)
எல்லாரும் கூரையை மாற்றுகிறீர்கள். தம்பி, எத்தனை மணிக்குச் சொட்டுகிறது? மழை பெய்யும்போது மட்டுமா?

அகரமலை (வியாழன், இரவு 7:45)
விடியக்காலை 4, 4:30க்கு. அம்மா 3:30க்கே அடுப்பு மூட்டிவிடுவார். மழை இந்த வாரம் இல்லை, நல்ல பனி. இருந்தும் சொட்டுகிறது. மழை இல்லாமலே இப்படி என்றால் ஜூன் மாதம் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் கேட்டேன்.

வெல்டிங்பாஸ் (வியாழன், இரவு 7:52)
இதை முதல் வரியில் எழுதியிருக்கலாமே தம்பி!

மூத்தமேசன் (வியாழன், இரவு 8:01)
கூரை மேல் விழும் பனித்தண்ணீர் ஆணி ஓட்டையால் இறங்குகிறது. நான் சொன்னதுதான்.

பனிக்கொழுந்து (வியாழன், இரவு 8:25)
இருக்கலாம் ஐயா. ஆனால் அது ஆவி என்று நினைக்கிறேன். நானுஓயாவில் எங்கள் வீட்டு அடுப்படியிலும் இதே கதை, ஒரு தகரத்தை மாற்றிய பிறகும் சொட்டியது. தை மாதம் வானம் வெளித்த இரவில் தகரம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். கீழே கடலைச் சட்டி கொதிக்கிறது. விறகு எரிந்தாலே அதிலிருந்தும் ஆவி வரும், தேயிலைச் செடியில் வெட்டிய ஈர மிலார் என்றால் இன்னும் கூட. அது குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகி, குறுக்குச் சட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே நின்று சொட்டும். போலிகாபனேட் போட்டாலும் சொட்டும். புது சீட் போட்டாலும் சொட்டும்.
காசு செலவழிக்காமல் பார்க்கலாம். பகலில் அடுப்பு அணைந்திருக்கும்போது தகரத்தின் அடிப்பக்கத்தைத் துணியால் துடையுங்கள். ஒருவர் மேலே இரண்டு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றட்டும். ஒழுகினால் ஓட்டை. ஒழுகாமல் விடியற்காலையில் மட்டும் சொட்டினால் ஆவி. சொட்டும் தண்ணீர் என்ன நிறம்?

அகரமலை (வியாழன், இரவு 8:40)
கறுப்பு. வடை மாவில் விழுந்தால் அந்த மாவைக் கொட்டத்தான் வேண்டும்.

பனிக்கொழுந்து (வியாழன், இரவு 8:44)
கரியைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. பக்கமெல்லாம் திறந்தா இருக்கிறது?

அகரமலை (வியாழன், இரவு 8:50)
இல்லை அக்கா. சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கமும் தறப்பாள் கட்டியிருக்கிறோம், தகரம் வரைக்கும். முன்பக்கம் சாக்குத் திரை. அம்மாவுக்குக் குளிர் தாங்காது, அடிக்கடி தலையிடி வேறு.

பனிக்கொழுந்து (வியாழன், இரவு 8:53)
தலையிடி எப்போது வருகிறது? அடுப்படியில் நிற்கும்போது வந்து, வெளியே வந்த பிறகு போகிறதா?

அகரமலை (வியாழன், இரவு 9:02)
அம்மாவிடம் கேட்டேன். ஆமாம் என்கிறார். கடலை இறக்கும் நேரம் தொடங்குமாம், லொறிக்காரனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு ரோட்டில் நடந்தால் சரியாகிவிடுமாம். பனி குடித்ததால் என்று கோடாலித் தைலம் பூசுகிறார்.

பனிக்கொழுந்து (வியாழன், இரவு 9:10)
தம்பி, கூரை பிறகு. நாளைக் காலை அடுப்பு மூட்டுவதற்கு முன் சாக்கையும் ஒரு பக்கத் தறப்பாளையும் கழற்றுங்கள். மூடிய இடத்தில் விறகோ கரியோ எரிந்தால் காபன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணம் இல்லை, கண்ணும் எரியாது. புகை குறைந்து தணல் மட்டும் இருக்கும்போதும் வரும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், பிறகு மயக்கம். குளிருக்கு இன்னொரு சுவெட்டர் போடட்டும். திறந்த பிறகும் தலையிடி வந்தால் ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

வெல்டிங்பாஸ் (வியாழன், இரவு 9:25)
அக்கா சொன்னதைச் செய்யுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தறப்பாள் தொங்குவதும் நல்லதில்லை, எண்ணெய்ச் சட்டி பற்றினால் அது உருகி மேலேயே விழும்.
பிறகு அமைப்பைக் கொஞ்சம் மாற்றலாம், புதிதாக வாங்க வேண்டியது அவ்வளவு இல்லை. அக்கரப்பத்தனைக்குப் பலத்த மழைக்காற்று தென்மேற்கிலிருந்து. கூரையின் தாழ்ந்த பக்கம் அங்கே பார்க்க வேண்டும், உயர்ந்த பக்கம் எதிரே. அந்த உயர்ந்த பக்கத்தை முழுதாகத் திறந்து விடுங்கள், புகையும் ஆவியும் அதால் போகும். அடுப்பும் அந்தப் பக்கத்துக்கு அடியில். தென்மேற்குப் பக்கம் 3 அடிக்குப் பழைய தகரம் அடித்து, அதற்கு மேல் மட்டும் தறப்பாள், கூரைத் தகரத்துக்கும் தறப்பாளுக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி. சாரல் அதால் வராமல் இருக்கத் தாழ்ந்த பக்கம் சீட்டை 2 அடி வெளியே நீட்டுங்கள். சரிவு கூடினால் ஆவித்தண்ணீர் அடிப்பக்கமாகவே வழிந்து ஓரத்தில் விழும்.

ரம்பொடைக்காரன் (வியாழன், இரவு 9:40)
விறகைக் காயவைக்க ஒரு பரண் கட்டலாம், நெருப்புக்கு நேர் மேலே வேண்டாம். கவ்வாத்து மிலாரை அன்றைக்கே வெட்டி அன்றைக்கே எரித்தால் புகைதான். அம்மா கல் வைத்த அடுப்பில் என்றால் அனகி என்ற களிமண் அடுப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள், விறகு குறையும். டென்ட் நல்ல டென்ட்தான், இந்த வேலைக்கு இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

காமன்கூத்து (வெள்ளி, காலை 7:15)
மூத்தமேசன் ஐயா இன்னும் அஸ்பெஸ்டஸ் போடச் சொல்கிறாரா?

மூத்தமேசன் (வெள்ளி, காலை 7:20)
உங்கள் கூரையை முதலில் மாற்றுங்கள், பிறகு வருகிறேன்.

பனிக்கொழுந்து (ஞாயிறு, காலை 10:05)
தம்பி, அம்மா எப்படி?

அகரமலை (செவ்வாய், இரவு 8:30)
தாமதம், மன்னிக்கவும். வெள்ளி காலையே சாக்கைக் கழற்றிவிட்டோம். மூன்று நாளாகத் தலையிடி இல்லை. வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது, மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. உயர்ந்த பக்கத்தைத் திறந்த பிறகு சொட்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது, அடுப்பை இன்னும் நகர்த்தவில்லை. ஹட்டனில் வாங்கியது பத்து ரப்பர் வொஷரும் ஸ்குரூவும் மட்டும். கடலை ஊறப்போட வேண்டும், பிறகு வருகிறேன்.

மூத்தமேசன் (செவ்வாய், இரவு 8:41)
ஒரு இடத்தில் ஒழுகியது. ஆணி ஓட்டை.